ஊறுகாய்ப்புல்: காற்றை அடைத்தால்தான் சத்து தங்கும்

மழைக்காலத்தில் மிஞ்சும் பசுந்தீவனத்தைக் கோடைக்குச் சேமித்து வைக்க ஏற்ற வழி, சைலேஜ் எனப்படும் ஊறுகாய்ப்புல். ஆனால் 'குழியைத் திறந்தால் பூசணம் பிடித்துக் கிடக்கிறது' என்று சொல்லும் விவசாயிகளும் உண்டு. பெரும்பாலும் காரணம் உள்ளே தங்கிய காற்றுதான்.

காற்று ஏன் கூடாது?

அறுத்த பயிரின் செல்கள் உடனே இறந்துவிடுவதில்லை. காற்று உள்ளவரை அவை சுவாசித்து, தங்களிடமுள்ள சர்க்கரையைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெப்பமாகவும் மாற்றிவிடும். பூசணமும் இதையே செய்கிறது. நறுக்கிய தீவனக் குவியல் சூடானால், மாட்டுக்குப் போக வேண்டிய சத்து வீணாகிறது என்று பொருள்.

காற்று தீர்ந்ததும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. பாலைத் தயிராக்குவதும், இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் இந்த வகை பாக்டீரியாக்களே. இவை ஆக்சிஜன் இல்லாமலேயே சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றி ஆற்றல் பெறுகின்றன.

ஆக்சிஜனைக் கொண்டு சுவாசிக்கும் செல், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏடிபி ஆற்றல் மூலக்கூறுகளை உருவாக்கும். நொதித்தலில் கிடைப்பது 2 மட்டுமே. மீதி ஆற்றலில் பெரும்பகுதி லாக்டிக் அமிலத்திலேயே தங்கி, உங்கள் மாட்டுக்குப் பயன்படுகிறது. இந்த அமிலத்தால் கார அமில நிலை சுமார் 4-க்கு இறங்கும்போது, தீவனத்தைக் கெடுக்கும் நுண்ணுயிர்களும் அடங்கிவிடுகின்றன.

தயாரிக்கும் முறை

* மக்காச்சோளத்தைக் கதிர் பால் பிடித்து முற்றத் தொடங்கும்போதும், தீவனச் சோளத்தைப் பூக்கும் பருவத்திலும் அறுக்கவும்.
* ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும். நறுக்கிய தீவனத்தைக் கையில் இறுக்கிப் பிடியுங்கள். நீர் சொட்டினால் ஈரம் அதிகம். சிறிது நேரம் வாடவிடவும். கையை விரித்ததும் மெல்லப் பிரிந்தால் சரியான பதம்.
* 2 முதல் 3 செ.மீ. அளவில் நறுக்கவும். துண்டு நீளமானால் இடையில் காற்று தங்கும்.
* நீர் தேங்காத மேட்டுப்பாங்கான இடத்தில் குழி எடுக்கவும். அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் நன்கு மிதிக்கவும்.
* கம்பு நேப்பியர் புல்லில் சர்க்கரை குறைவு. 100 கிலோவுக்கு 2 கிலோ மொலாசஸ் தெளிக்கவும்.
* குழியை விரைவாக நிரப்பி, மேற்பகுதியைக் குவியலாக்கி, பாலித்தீன் தாளால் மூடி, மேலே மண் போடவும். எலி ஓட்டைகளை அவ்வப்போது கவனித்து அடைக்கவும்.

திறந்த பிறகு

45 நாட்களுக்குப் பிறகு திறக்கலாம். நல்ல ஊறுகாய்ப்புல் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், இதமான புளிப்பு மணத்துடன் இருக்கும். அழுகிய நாற்றம், வழுவழுப்பு, பூசணம் இருந்தால் அந்தப் பகுதியை அகற்றிவிடுங்கள். பூசண நச்சு கால்நடைகளைப் பாதிக்கும். அதைக் கொடுக்கவே வேண்டாம்.

திறந்ததும் காற்று மறுபடி உள்ளே போகும். எனவே ஒரு பக்கத்திலிருந்து தினமும் தேவையான அளவு வெட்டி எடுத்து, உடனே மூடிவிடுங்கள். முதலில் மாட்டுக்கு 5 கிலோ கொடுத்துப் பழக்கி, படிப்படியாகக் கூட்டவும். பாலில் வாடை ஏறாமலிருக்க, கறவை முடிந்த பிறகு கொடுக்கவும்.

எச்சரிக்கை: ஆழமான குழியில் கரியமில வாயு தேங்கியிருக்கலாம். திறந்தவுடன் உள்ளே இறங்காதீர்கள். தனியாகவும் இறங்க வேண்டாம்.