ஓடும் காளையைப் படம் பிடித்த கதை

பொங்கல் கழிந்து மாடு விடும் விழாக்கள் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்து இளைஞர்களை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. வெளியூர் நண்பர்கள் இதை ஜல்லிக்கட்டு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. வேலூர், ஆம்பூர், திருப்பத்தூர் வட்டாரத்தில் காளையை யாரும் அணைத்து அடக்குவதில்லை. தெருவின் இரு பக்கமும் கட்டைகளால் தடுப்புக் கட்டி, வாடிவாசலிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுவார்கள். குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடக்கும் காளைக்குப் பரிசு. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்தச் சில நொடிகளைப் படம் எடுக்க 1984-ல் போனேன். நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சு வழியில் படித்தவன். மத்திய அரசு எழுத்தர் வேலை என்னை ஆம்பூருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. எதிர்வீட்டு அண்ணன் டேனரியில் வேலை பார்த்தவர். பகலெல்லாம் தோலோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் வந்து தன் காளைக்குத் தவிடும் பருத்திக்கொட்டையும் வைப்பார். அந்த முரண்பாட்டைப் பற்றி அவரிடம் நான் கேட்டதில்லை. அவருக்கு அது முரண்பாடாகவே படவில்லை. "சார், நம்ம மாடு ஓடும்போது ஒரு படம் புடிச்சுக் குடுங்க" என்றார்.

என்னிடம் இருந்தது அக்ஃபா கிளிக் 3. என் வயதுக்காரர்களுக்கு அந்தக் கறுப்புப் பெட்டியைத் தெரியும். ஒரு சுருளுக்கு 12 படம். ஷட்டருக்கு ஒரே வேகம்தான், ஏறக்குறைய 1/30 நொடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். காளை மணிக்கு 36 கிலோமீட்டர் ஓடினால் நொடிக்கு 10 மீட்டர். 1/30 நொடிக்குள் அது ஓரடிக்கு மேல் நகர்ந்துவிடும். படம் கலங்காமல் வேறு என்ன செய்யும்?

இந்தக் கணக்கோடு முதலில் மல்லுக்கு நின்றவர்களைப் பற்றிப் பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் சொன்னது அப்போது நினைவில் இருந்தது. குதிரை ஓடும்போது நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புமா என்ற கேள்வி 19-ஆம் நூற்றாண்டில் பெரிய வாக்குவாதம். கலிபோர்னியாவில் 1878 ஜூனில் மைப்ரிட்ஜ் என்பவர் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடுபாதையின் குறுக்கே நூல் கட்டினார். குதிரை நூலைத் தட்டத் தட்ட ஒவ்வொரு கேமராவாகத் திறந்தது. நான்கு கால்களும் எழும்பத்தான் செய்தன. ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு அல்ல. கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சேரும்போதுதான் குதிரை அந்தரத்தில் இருந்தது.

பிரான்சில் மாரே என்ற உடலியல் அறிஞர் 12 கேமரா எதற்கு என்று யோசித்தார். 1882-ல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். விசையை இழுத்தால் உள்ளே ஒரு வட்டத் தகடு சுழன்று நொடிக்கு 12 படம் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் 1/720 நொடி. அதைத் தோளில் வைத்துப் பறவைகளைக் குறிபார்த்தார். வாத்தியார் துப்பாக்கி என்று ஆரம்பித்ததும் போர்க்கதை என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஒரு பறவையும் சாகவில்லை என்றதும் வகுப்புக்குப் பெரிய ஏமாற்றம்!

எனக்கு அதைவிடப் பிடித்தது சிற்பி ரொதேன் சொன்ன மறுப்பு. ஜெரிகோ 1821-ல் வரைந்த எப்சம் குதிரைப் பந்தய ஓவியத்தில் குதிரைகள் கால்களை நீட்டியபடி பறக்கும். புகைப்படம் வந்த பிறகு எல்லோரும் அதைத் தப்பு என்றார்கள். ரொதேனோ, ஓவியன் சொல்வதுதான் உண்மை, காலம் நிற்பதே இல்லை என்பதால் அதை நிறுத்திக் காட்டும் புகைப்படம்தான் பொய் என்று வாதாடினார். படித்த காலத்தில் கிழவரின் பிடிவாதம் என்று நினைத்தேன்.

1984-க்கு வருகிறேன். அண்ணனுடைய காளை வந்தது. நான் பதறிப்போய் கேமராவை நிலையாகப் பிடிக்காமல் காளையோடு கூடவே இடுப்பைத் திருப்பிக்கொண்டு அழுத்திவிட்டேன். ஸ்டூடியோவில் கழுவி வந்த 12-ல் 11 குப்பை. மிச்சம் ஒன்றில் காளையின் முகமும் திமிலும் ஓரளவு தெளிவு. கால்கள் புகை. பின்னால் நின்ற ஜனங்கள் எல்லாம் வெறும் கோடுகள். வெட்கத்தோடுதான் கொடுத்தேன். அண்ணன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஓடுது சார்" என்றார். இதற்குப் பேனிங் என்று பெயர் உண்டு என்பதே பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றத் தடை வந்தது. அண்ணன் அதற்கு முன்பே போய்விட்டார். அவர் மகன் தடைக்காலத்தில் காளையைக் கட்டிவைத்துத் தீனி போட முடியாமல் விற்றான். 2017-ல் மெரினா போராட்டமும் புதுச் சட்டமும் வந்த பின் மறுபடி ஒரு கன்று வாங்கி வளர்த்தான்.

இந்த வருஷம் அந்தக் காளை ஓடியதைப் படம் எடுக்க என் பேரன் வந்தான். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் அலைச்சறுக்குக்காரர்களை எடுத்துப் பழகியவன். நொடிக்கு 20 படம், 1/2000 நொடி ஷட்டர். அந்த நேரத்துக்குள் காளை அரை சென்டிமீட்டர்தான் நகரும். ஆனால் கரையில் நின்று அலையை எடுப்பதும் இதுவும் ஒன்றா? தடுப்புக்கு உள்ளே போய் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். அகன்ற கோண லென்ஸில் பார்த்தால் பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். "இன்னும் தூரமா இருக்கு தாத்தா" என்றவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். காளை அவன் இருந்த இடத்தைத் தாண்டிப் போனது. வேடிக்கை பார்க்கப் போய் முட்டுப்பட்டுச் செத்தவர்களைப் பற்றி வருஷம் தவறாமல் பத்திரிகையில் படிக்கிறோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் கம்ப்யூட்டரில் 600 படங்களைக் காட்டினான். எச்சில் இழை, அந்தரத்தில் நிற்கும் மண்கட்டி, கண்ணின் சிவப்பு எல்லாம் அப்படியே தெரிகின்றன. காளை மட்டும் கோயில் நந்திபோல அசையாமல் இருந்தது. ரொதேனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

சில படங்களில் தடுப்புக் கட்டைகள் சாய்ந்திருந்தன. கேமரா கெட்டுவிட்டதோ என்று பயந்தான். கெடவில்லை. அவனும் காளையோடு கேமராவைத் திருப்பியிருக்கிறான். எலெக்ட்ரானிக் ஷட்டர் படத்தை ஒரே அடியாக எடுக்காமல் வரி வரியாக மேலிருந்து கீழே படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் கேமரா நகர்ந்தால் நேர்க்கோடு சாயும். நூறு வருஷத்துக்கு முன் லார்த்தீக் என்ற பிரெஞ்சுப் பையன் பந்தயக் காரைத் தொடர்ந்து திருப்பி எடுத்தபோது, நகரும் பிளவு வைத்த ஷட்டரால் சக்கரம் முட்டை வடிவமாகி முன்னால் சாய்ந்தது, வேடிக்கை பார்த்தவர்கள் பின்னால் சாய்ந்தார்கள். உதவாத படம் என்று அவன் ஒதுக்கிவைத்தது பின்னாளில் உலகப் புகழ் பெற்றது.

அடுத்த வாரம் வேறு ஊரில், தடுப்புக்கு வெளியே நின்று, 1/30-ல் எடுக்கச் சொன்னேன். நூற்றுக்கு இரண்டு தேறியது. இரண்டு வகையையும் அண்ணன் மகனிடம் காட்டினோம். பேனர் அடிக்க அவன் 1/2000 படத்தைத்தான் எடுத்துக்கொண்டான். கொம்பு தெளிவாகத் தெரிய வேண்டுமாம். அவன் வீட்டுக் கூடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பழைய கலங்கல் படம் இன்னும் தொங்குகிறது. ஓரம் பழுப்பேறிவிட்டது. ஸ்கேன் செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.