வெட்டினாலும் வளரும் புழுவும் ஒரு வீட்டு ஆசிரியரும்

எமது பாடசாலைகளில் ஆய்வுகூட வசதி போதாது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அது கேட்டுப் பெற வேண்டிய உரிமைதான். ஆனால் அது கிடைக்கும்வரை பிள்ளைகள் மனனம் செய்துகொண்டே இருக்க வேண்டுமா? வரலாறு வேறு பதில் சொல்கிறது.

1740ஆம் ஆண்டு, ஒல்லாந்தின் ஹேக் நகருக்கு அருகில் ஒரு பிரபுவின் இரு மகன்மாருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் ஆபிரகாம் டிரெம்ப்ளே. குளத்து நீரில் பச்சை நிறத்தில் ஒரு சிற்றுயிரைக் கண்டார். இன்று நாம் அதை ஹைட்ரா என்கிறோம். அது செடியா, விலங்கா? செடியென்றால் வெட்டிய துண்டும் வளரும் என்று எண்ணி இரண்டாக வெட்டினார். இரண்டும் முழு உயிர்களாக வளர்ந்தன! ஆனால் அவை இடம்பெயர்ந்தன, இரையும் பிடித்தன. ஆகவே விலங்குதான். விலங்கால் அப்படி வளர முடியாது என்ற பழைய நம்பிக்கைதான் உடைந்தது. அவரிடம் இருந்தவை கண்ணாடிப் பாத்திரம், கத்தரிக்கோல், உருப்பெருக்கி, பொறுமை.

பின்னர் ஆய்வாளரின் கவனம் தட்டைப்புழுவான பிளனேரியாவின் பக்கம் திரும்பியது. 1814இல் ஸ்கொட்லாந்தின் ஜோன் டலியெல் அதன் வளரும் ஆற்றலை விவரித்தார். 1898இல் அமெரிக்காவின் தோமஸ் ஹண்ட் மோர்கன், உடலின் 279இல் ஒரு பங்கு அளவான துண்டும் முழுப் புழுவாகலாம் எனக் கண்டார். இவரே பின்னர் பழ ஈக்களை ஆராய்ந்து, 1933இல் நோபல் பரிசு பெற்றவர். 2011இல் இன்னொரு உண்மை வெளியானது. கதிர்வீச்சால் தன் தண்டுக்கலங்களை இழந்து சாகவிருந்த புழுவுக்குள் ஒரேயொரு தண்டுக்கலத்தை வைத்தார்கள். புழு பிழைத்தது, இழந்த ஆற்றலும் திரும்பியது.

வகுப்பறையில் இதைச் செய்வதும் இலகு. ஒரு வாரம் உணவு கொடுக்காத பிளனேரியாவைக் குளிர்ந்த தட்டில் வைத்து, கூரிய அலகால் ஆசிரியர் குறுக்கே வெட்ட வேண்டும். துண்டுகளைக் குளோரின் கலக்காத சுத்தமான நீரில், இருளான இடத்தில் வைத்து, நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் வால் துண்டில் கண்கள் தெரியும். ஒவ்வொரு நாளும் படம் வரைந்து திகதியிடுவது பிள்ளைகளின் வேலை. வேடிக்கைக்காக எந்த உயிரையும் வெட்டக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிக் கொடுப்போம்.

பெற்றோரே, பிள்ளை ஒரு போத்தலில் குளத்து நீரோடு வீட்டுக்கு வந்தால் ஏசிவிடாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று அவரோடு சேர்ந்து நாமும் பார்ப்போம்.