உடலோடு ஒட்டாத உறுப்பு

நோயில்லாத நல்ல காலை வெட்டி நீக்குமாறு ஒருவர் வேண்டினால், அவரைப் பித்தர் என்றே உலகம் சொல்லும். மருத்துவ உலகமும் நெடுங்காலம் இவரைப் பொருட்படுத்தவில்லை. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஒருவர் 1785இல் வெளியிட்ட நூலில் இத்தகைய ஆங்கிலேயர் ஒருவர் வருகிறார். மருத்துவர் மறுக்கவே, துப்பாக்கியைக் காட்டிக் காலை அகற்றச் செய்தார். பின்னர்ப் பணமும் நன்றி மடலும் அனுப்பினாராம். கதையோ நிகழ்ச்சியோ, படித்தவர்க்கு அது வேடிக்கைச் செய்தியாகவே இருந்தது.

1977இல் அமெரிக்காவில் ஜான் மணி முதலியோர் இந்நிலைக்கு ‘அப்போடெம்னோபிலியா’ என்று பெயரிட்டனர். பெயரிடுதல் சிறு செயல் அன்று. இப்பெயர் இதனைப் பாலுணர்ச்சிக் கோளாறுகளுள் ஒன்றாக்கியது. அத்தகைய பெயரைத் தாங்கிக்கொண்டு தம் துயரைக் குடும்பத்தாரிடம் எவர் வாய்திறந்து சொல்வார்?

ஸ்காத்லாந்தின் ஃபால்கர்க் நகரில் அறுவை மருத்துவர் இராபர்ட் ஸ்மித், மனநல மருத்துவர்களின் ஆய்வுக்குப்பின், 1997இலும் 1999இலும் இருவரின் நலமான காலை அகற்றினார். 2000இல் செய்தி வெளியானதும் பெருங்கிளர்ச்சி எழுந்தது. மேலும் அவ்வாறு செய்ய மருத்துவமனை இசையவில்லை. நல்ல உறுப்பைக் கெடுப்பது மருத்துவ அறமா என்பது ஒரு சாராரின் வினா. கைவிடப்பட்டவர் மறைவில் தம்மைத் தாமே சிதைத்து உயிரிழந்தால் அது எவ்வறம் என்பது மறுசாராரின் வினா. இரண்டாம் வினா வெற்றுரை அன்று. மைக்கேல் ஃபர்ஸ்ட் என்னும் மனநல மருத்துவர் 52 பேரை வினவி 2005இல் வெளியிட்ட ஆய்வில், உறுப்பை இழந்திருந்த ஒன்பதின்மருள் பெரும்பாலோர் உயிருக்கு இடரான வழியில் தாமே அதனைச் செய்தவர்கள். அவ்வாய்வில் பெரும்பாலோர் கூறிய காரணம் பாலின்பம் அன்று. அவ்வுறுப்பு நீங்கினால்தான் தாம் முழுமையடைவோம் என்பதே. மருந்தும் மனநல உரையாடலும் அவ்வேட்கையைத் தணிக்கவில்லை.

2011இல் தமிழ்நாட்டிற் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரனும் உடனாய்வாளரும் நால்வரின் மூளையை ஆராய்ந்தனர். வேண்டாத பகுதியைத் தொட்டபோது, உடலின் வடிவை உணரும் வலப்பக்க மூளைப்பகுதி உரியவாறு விழிப்படையவில்லை. தொடுவதை அவர்கள் உணர்ந்தனர். ஆயினும் ‘இது என் கால்’ என்னும் உணர்வு பிறக்கவில்லை. நால்வரைக் கொண்டு முடிவு கட்டுதல் ஆகாது. எனினும் பித்தர் என்ற பழிச்சொல்லுக்கு அது நல்ல மறுப்பாயிற்று.

இதற்குள் இணையத்தின் வழியே இவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டிருந்தனர். தம்மைப்போல் உலகில் வேறொருவர் இல்லை என்று இளமை முதல் எண்ணியிருந்தவர்க்கு அது பெருந்துணை. சிலர் வீட்டில் காலை மடித்துக் கட்டி ஊன்றுகோலுடன் நடந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தும் சற்று அமைதி பெறுகின்றனர். 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் இந்நிலை, ‘உடல்முழுமை ஒவ்வாநிலை’ என்று பொருள்படும் புதுப்பெயரோடு இடம்பெற்றுள்ளது. பாலுணர்ச்சிக் கோளாறுகளின் வரிசையில் அது இல்லை.