நிறுவைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் இடையில்: மலையகத் தாய்மாரின் பாலூட்டலும் முட்டை வெளியேற்றத்தின் ஓமோன் கட்டுப்பாடும்

பாலூட்டும் தாயின் சூலகம் பல மாதங்கள் முட்டையை வெளியிடாமல் அடங்கியிருப்பதை, பரிவகக்கீழ், கபச்சுரப்பி, சூலகம் ஆகிய மூன்றும் தமக்குள் நடத்தும் ஓமோன் பரிமாற்றமாகவே உடற்றொழிலியல் நூல்கள் விளக்கி முடித்துவிடுகின்றன. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணை முன்வைத்து நோக்கினால், இப்பரிமாற்றத்தின் ஒரு கண்ணி உடலுக்கு வெளியே, வேலைநேரத்திலும் கூலிக் கணக்கிலும் இருப்பது புலப்படும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள பரிவகக்கீழ், பத்து அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு ஓமோனைச் சுரக்கிறது. கொனடோரோபின் விடுவிக்கும் ஓமோன் எனப்படும் இதன் அமைப்பை 1971ஆம் ஆண்டளவில் அன்ட்ரூ ஷாலி, ரொஜர் கில்லமின் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. 1977இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் அமைப்பைவிட முக்கியமானது அது சுரக்கும் முறை. ஏர்ணஸ்ட் க்னோபிலின் குழு, இயற்கைச் சுரப்பு நிறுத்தப்பட்ட ரீசஸ் குரங்குகளுக்கு இந்த ஓமோனை மணிக்கொரு முறை செலுத்தியபோது கபச்சுரப்பி இயங்கியது. அதையே இடைவிடாமல் செலுத்தியபோது அடங்கிவிட்டது. ஆகவே கபச்சுரப்பிக்குச் செய்தியாவது ஓமோனின் அளவு மட்டுமன்று, அதன் தாளமும்தான். அத்தாளம் குலையாதிருந்தால், சூலகப் புடைப்பை, அதாவது முட்டையைத் தாங்கும் நுண்பையை, வளர்க்கும் ஓமோனும், முதிர்ந்த முட்டையை வெளியேறச் செய்யும் லூற்றினாக்கும் ஓமோனும் உரிய காலத்தில் கபச்சுரப்பியிலிருந்து கிடைக்கின்றன.

குழந்தை முலைக்காம்பை உறிஞ்சும்போது எழும் நரம்புச் செய்தி பால் சுரக்கச் செய்யும் புரோலக்ரினை உயர்த்துவதோடு, பரிவகக்கீழைத் தூண்டும் கிஸ்பெப்ரின் நரம்புக் கலங்களின் செயலைத் தணித்து, அந்தத் தாளத்தையும் மந்தப்படுத்துகிறது. இந்த அடக்கம் குடிக்கப்படும் பாலின் அளவைவிட, எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் குழந்தை உறிஞ்சுகிறது என்பதையே பெரிதும் சார்ந்தது. கலகாரிப் பாலைவனத்தின் குங் இனத் தாய்மார் மணிக்குப் பல தடவை சில நிமிடங்கள் பாலூட்டுவதையும், அவர்களின் நீண்ட பிள்ளைப்பேற்று இடைவெளியையும் மெல்வின் கொன்னரும் கரோல் வொர்த்மனும் 1980இல் இணைத்துக் காட்டினர். 1988இல் இத்தாலியின் பெலாஜியோவில் கூடிய நிபுணர்கள், மாதவிடாய் திரும்பாமலும் முழுமையாகப் பாலூட்டியும் வரும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் கருத்தரிப்பிலிருந்து 98 வீதப் பாதுகாப்பு உண்டு என்று முடிவு செய்தனர்.

அந்த ஆறு மாதம் தோட்டத்தில் எவ்வாறு கழிகிறது? 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் வழங்கும் பன்னிரண்டு வார விடுப்பில் பேற்றின் பின் எஞ்சுவது பத்து வாரம். அதன்பின் குழந்தை தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவுக்கும், தாய் கொழுந்து பறிக்கும் மலைக்கும் செல்கின்றனர். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் தாய்க்கு ஒன்பது மணி நேரத்தில் இரு பாலூட்டும் இடைவேளைகளை அச்சட்டம் உறுதி செய்கிறது; பிள்ளைக் காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையாது, இல்லாவிடில் ஒரு மணிக்குக் குறையாது. ஆனால் சட்டம் தருவது நேரத்தை. கூலி தீர்மானிக்கப்படுவது கொழுந்தின் நிறுவையில். செங்குத்தான மலையிலிருந்து இறங்கிப் பாலூட்டிவிட்டு மீண்டும் ஏறுபவளின் கூடை அந்த அளவுக்கு இலகுவாகிறது. குறித்த கிலோ சேராவிடில் அன்றைய வேலை அரைப்பேராகிவிடும், அதாவது அரைநாள் கூலியே கிடைக்கும். இந்நிலையில் சட்டப்படியான ஓர் இடைவேளையைத் தாய் தானாகவே விட்டுக்கொடுப்பதை அறியாமை எனல் பொருந்தாது. அது கணக்கறிந்து எடுக்கும் முடிவு. அந்த முடிவின் விளைவைப் பரிவகக்கீழ் நீண்ட பாலூட்டல் இடைவெளியாகப் பெறுகிறது.

இதற்கு ஓர் எதிர்விசையும் உண்டு. உறிஞ்சலுக்குப் புரோலக்ரின் இரவில் கூடுதலாகவே எழுவதால், தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தின் நெருக்கடியான காம்பராவில் தாயின் பக்கத்திலேயே படுத்து இரவெல்லாம் பால் குடிக்கும் குழந்தை பகலில் இழந்ததில் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. லயத்தை அமைத்தவர்கள் எண்ணிச் செய்த நன்மை அன்று இது.

பாலூட்டலோடு உடலின் சக்திச் சமநிலையும் சேர்கிறது. உழைப்புக்குச் செலவானது போக எஞ்சும் சக்தி, கொழுப்பு நீங்கிய உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கிலோகலோரிக்குக் கீழே இறங்கும்போது லூற்றினாக்கும் ஓமோனின் துடிப்பு குறைவதை ஆன் லவுக்ஸ் 2003இல் காட்டினார். நேபாள மலைகளில் பயிர்செய்யும் தமாங் பெண்களில், மழைக்கால வேலையின்போது எடை குறைந்தவர்களின் உமிழ்நீரில் புரொஜெஸ்ரரோன் தாழ்ந்திருந்ததை 1993இல் வெளியான ஆய்வு பதிந்தது. ஆகையால் பாலூட்டல் குறைவதால் முட்டை வெளியேற்றம் முந்துவதும், உடல் தேய்வதால் அது பிந்துவதும் ஒரே பெண்ணில் எதிரெதிராக நிகழக்கூடும். மாதவிடாய் திரும்பாததை மட்டும் வைத்து அவளின் நலத்தை அளப்பது தவறான அளவை.

இலங்கை அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுக் கொள்கை பரிவகக்கீழ், கபச்சுரப்பி, சூலகம் ஆகியவற்றின் இந்தப் பரிமாற்றத்தைத் தொடவில்லை. 1980 தொடக்கம் கருத்தடை அறுவைக்கு உடன்பட்டவர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. தோட்டங்களில் பெண்களின் அறுவைச் சிகிச்சையே பெருமளவில் பரவியது. பலோப்பியன் குழாயை அடைத்தலோ வெட்டுதலோ முட்டையின் பாதையை மட்டுமே மறிக்கிறது. சூலகம் முன்போலவே ஓமோன் சுரக்கிறது, மாதவிடாய் வருகிறது, அதில் இழக்கும் இரும்புச்சத்தும் தொடர்ந்து வெளியேறுகிறது. மூன்று மாதக் கருத்தடை ஊசி முட்டை வெளியேற்றத்தை நிறுத்துவதால் இதிலிருந்து வேறுபடுகிறது எனினும், உடல் தேய்வை அதுவும் தீர்ப்பதில்லை.

பிறப்புகளை எண்ணுவதோடு நின்ற இக்கொள்கை பேறுகளுக்கு இடைப்பட்ட காலத்தைத் தாயின் உடல்மீட்சிக்கான காலமாகக் கருதியிருந்தால், அது கையாள வேண்டியிருந்தது கிலோக் கணக்கையே: பாலூட்டும் தாய்க்கு அந்த இரு இடைவேளைகளுக்கும் ஈடாக நாளின் குறி அளவைக் குறைத்தல், முழுப்பேரைக் கைவிடாமல்.