நாலு நம்பரும் கூட்டுப் பணமும்

தான் சே யான் என்னும் சீன வணிகர் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதைத் தொடர்ந்து, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்து மலாக்கா மாநிலத் தோட்டங்களின் லயங்களில் குடியேறிய நம்மவர்க்கு, அதிர்ஷ்டத்தை எண்ணிலே தேடும் பழக்கம் பெரும்பாலும் சீனர் கடைத்தெருவிலிருந்தே வந்தது எனலாம். ஜலசந்திக் குடியேற்றங்களில் வழங்கிய 'சாப் ஜி கீ' ஆட்டத்தில் எண்கள் பன்னிரண்டு. வென்றவனுக்குப் பத்து மடங்கு. பன்னிரண்டிலும் ஒவ்வொரு வெள்ளி கட்டினாலும் பத்தே திரும்பும், மிச்சம் நடத்துபவனுக்கு.

1969-இல் மேக்னம் நிறுவனம் அரசாங்க உரிமத்தோடு தொடங்கிய 'நாலு நம்பர்', மலாய்க்காரர் வால் எண் என்று பொருள்பட 'நொம்போர் ஏக்கோர்' என்பது, 0000 முதல் 9999 வரையான பதினாயிரம் எண்களில் 23-க்குப் பரிசு தருவது. 'பெரிய' என்னும் பந்தய வகையில் ஒரு வெள்ளிக்கு முதற்பரிசு 2,500. அடுத்தவை 1,000, 500. பிறகு 180 வீதம் பத்து, 60 வீதம் பத்து. கூட்டினால், பதினாயிரம் எண்களிலும் ஒவ்வொரு வெள்ளி கட்டியவனுக்குத் திரும்புவது 6,400. ஆகவே, நூறு வெள்ளிக்கு 36 வெள்ளி, வரி உட்பட, திரும்பாத பணம். சட்டத்துக்கு அஞ்சி ஒளிந்து நடந்த பழைய சூதாட்டம் ஆறில் ஒரு பங்கோடு திருப்தியடைந்ததை எண்ணும்போது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

இக்கணக்கு ஒன்றும் ரகசியமன்று. ஆயினும் சொப்பனத்தில் வந்த பாம்புக்குக் கனவுப் புத்தகத்தில் எண் தேடியும், விபத்துக்குள்ளான காரின் எண்ணைக் குறித்துக்கொண்டும், போன வாரம் வந்த எண் திரும்பி வருமா என்று விவாதித்தும் நம்பர் எடுப்பவர்க்கு, குலுக்கும் பந்துக்கு ஞாபகம் கிடையாது என்பது மட்டும் மனத்தில் ஏறுவதில்லை. புதன், சனி, ஞாயிறு தோறும் ஓர் எண் எடுப்பவனுக்கு ஏதேனுமொரு பரிசு சராசரியாக மூன்றாண்டுக்கு ஒரு தரம் அடிக்கும். அதுவும் பெரும்பாலும் 60 அல்லது 180. முதற்பரிசுக்கோ சராசரி 64 ஆண்டுகள். இடையிடையே அடிக்கும் அந்தச் சில்லறைப் பரிசுதான் ஆசையின் அடுப்பை அணையவிடாமல் காக்கிறது.

லயங்களில் இன்னொரு குலுக்கலும் இருந்தது, அதுதான் கூட்டு. பத்துப் பேர் மாதந்தோறும் பணம் போட்டு, மாதம் ஒருவராக மொத்தத்தை எடுத்துக்கொள்வர்; சீட்டு யார் பெயருக்கு முதலில் விழுந்தாலும், போட்டது ஒருநாள் முழுதாகக் கைக்கு வரும். நடத்துபவர் பணத்தோடு ஓடினாலன்றி நஷ்டமில்லை. அவ்வாறு ஓடியவரும் உண்டு. நாலு நம்பருக்கு உரிமம் கிடைத்து இரண்டே ஆண்டுகளில், 1971-இல், கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை மலேசிய அரசாங்கம் தடை செய்தது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல் அப்படியே இடம்பெற்றிருக்கிறது.