பெயரில்லாத இடைவெளி: வேல்ஸ் மொழிப் போராட்டத்தின் வழியே ஜவ்வாது மலையைப் பார்த்தல்

வேல்ஸின் லாங்கெனெக் ஊரில் வாழ்ந்த ட்ரெவர், ஐலீன் பீஸ்லி தம்பதியருக்கு லனெல்லி ஊரக மன்றம் ஆங்கிலத்தில் மட்டுமே வரித்தாள் அனுப்பிவந்தது. வெல்ஷ் மொழியில் தாள் வந்தால்தான் வரி கட்டுவோம் என்று 1952இல் அவர்கள் மறுத்தனர். வழக்கு மேல் வழக்கு வந்தது. வீட்டுச் சாமான்கள் ஜப்தியாயின. 1960இல்தான் இருமொழித் தாள் கிடைத்தது. 1962 பிப்ரவரி 13 அன்று பிபிசி வானொலியில் 'மொழியின் தலைவிதி' என்ற உரையை ஆற்றிய சாண்டர்ஸ் லூயிஸ், இந்தக் குடும்பத்தையே முன்மாதிரியாகக் காட்டினார். 1925இல் வேல்ஸ் தேசியக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான அவர், தன்னாட்சியைவிட மொழியே முதன்மையானது என்றார். அவ்வாண்டே வெல்ஷ் மொழிச் சங்கம் உருவானது. 1963இல் அதன் இளைஞர்கள் அபெரிஸ்ட்வித் நகரப் பாலத்தை மறித்து, வெல்ஷ் மொழியில் நீதிமன்ற அழைப்பாணை கேட்டனர். 1967இல் முதல் வெல்ஷ் மொழிச் சட்டம் வந்தது.

இவ்வியக்கத்தை மொழிப்பற்றின் பொங்குதலாக மட்டும் படிப்பது போதாது. வரித்தாள், அழைப்பாணை, ஊர்ப்பெயர்ப் பலகை ஆகியவையே அதன் களங்கள். அலுவலகம் பேசும் மொழி வேறு, வீடு பேசும் மொழி வேறு என்பதைத் தாளை நீட்டிக் காட்ட முடிந்ததால்தான் கோரிக்கைக்கு வடிவம் கிடைத்தது.

தமிழகத்தின் 1938, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டங்கள் கொடுத்த விலை வேல்ஸ் கொடுத்ததைவிடப் பன்மடங்கு பெரிது. 1956இன் ஆட்சிமொழிச் சட்டமும் 1968இன் இருமொழித் தீர்மானமும், நடைமுறைக் குறைகளைத் தள்ளிப் பார்த்தால், தாளைத் தமிழாக்கின. அப்படியானால் சட்டப்படி அலுவலக மொழியும் வீட்டு மொழியும் ஒன்றேயான ஜவ்வாது மலையில் மொழிச் சிக்கலே இல்லை என்றாகிறது. இந்த முடிவை ஏற்க இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்த இம்மலையில் வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை). வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டிலிருந்து எட்கர் தர்ஸ்டன் 1909இல் எடுத்தெழுதிய தோற்றக் கதை இது: கங்குந்தி வேடர்கள் கவர்ந்து சென்ற பெண்களை மீட்கக் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் ஏழு பேர் நாய்களோடு புறப்பட்டனர். நாய்கள் மட்டும் வீடு திரும்பின. கணவர் இறந்ததாகக் கருதி மனைவியர் கைம்மை பூண்டனர். திரும்ப வீடில்லாத எழுவரும் மலையேறி வேடர் பெண்களை மணந்தனர். கதையின் பெருமிதம் காஞ்சியில் இருக்கிறது. பேச்சால் நாங்கள் வேறு என்று சொன்னால் அந்தப் பெருமிதமே ஆட்டம் காணும். பழங்குடிப் பட்டியலும் மொழியைக் கேட்பதில்லை. தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று பழைய மாவட்டப் பெயர்களைக் கொண்டே மலையாளிகளை அது அடையாளம் காண்கிறது. ஈரோட்டு மலைகளில் வாழும் அதே சமூகத்தினர் சாதிச் சான்றிதழுக்காகப் பல்லாண்டாகப் போராடுவது இதனால்தான். அடையாளம் வம்சக் கதையிலும் மாவட்ட எல்லையிலும் நிற்கும் இடத்தில் மொழி இயக்கம் பிறக்கவில்லை என்பதில் வியப்பில்லை.

ஆனால் இடைவெளி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அது வெளிப்படுகிறது. மலைப்பேச்சோடு வரும் குழந்தை பாடநூல் தமிழைப் பிடிக்கத் தடுமாறினால், அது மொழிச் சிக்கலாகப் பதிவாவதில்லை. 'படிப்பு ஏறவில்லை' என்று குழந்தையின் கணக்கில் எழுதப்படுகிறது. 1847இல் வேல்ஸின் பள்ளிகளை ஆராய்ந்த, வெல்ஷ் அறியாத மூன்று ஆணையர்களும் மக்களின் அறியாமைக்கும் ஒழுக்கக் குறைவுக்கும் அவர்கள் மொழியையும் காரணமாக்கினர். அவர்களது அறிக்கைகளான 'நீலப் புத்தகங்கள்' மூட்டிய அவமானம் பின்னர் அரசியலாக மாறியது. குற்றம் சாட்டப்பட்ட மொழிக்கு ஒரு பெயர் இருந்தது. ஜவ்வாதில் குற்றம் குழந்தையோடு நின்றுவிடுகிறது.

எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தொலைவு எல்லாத் தமிழ்க் குழந்தைக்கும் பொதுவல்லவா என்று கேட்கலாம். பொதுவே. ஆனால் சமவெளிக் குழந்தையின் பேச்சைப் பெரும்பாலும் ஆசிரியர் அறிவார், பகடி செய்யமாட்டார். மலைக்கு அந்த வசதி உறுதியில்லை. மலைப்பேச்சு தனிமொழி என்பதும் என் வாதமன்று. அந்த உரிமைகோரலை மலைமக்கள் முன்வைக்கவில்லை, ஆய்வாளர் அவர்களுக்காக அதைக் கண்டுபிடித்துத் தரக் கூடாது.

2024-25 மாநில நிதிநிலை அறிக்கை தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழி வளங்களை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கியது. வரவேற்கத்தக்க பணி. ஆனால் மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடியான, 2011 கணக்கெடுப்பில் சுமார் 3.5 லட்சம் பேரான மலையாளிகள் அப்பட்டியலில் இல்லை. அவர்கள் பேசுவது தமிழ் என்பதே காரணமாக இருக்க வேண்டும். தனிமொழி என்ற தகுதி இல்லாத பேச்சையும் ஆவணப்படுத்தலாம், உண்டு உறைவிடப் பள்ளிகளின் முதல் வகுப்பில் அதிலிருந்தே எழுத்தைத் தொடங்கலாம். தொடக்கம் சிறிதாக இருக்கலாம்: அபெரிஸ்ட்வித் நகரில் 1939இல் தொடங்கிய முதல் வெல்ஷ் வழிப் பள்ளியில் ஏழு குழந்தைகள்தான் இருந்தனர். உள்ளாட்சி நடத்திய முதல் வெல்ஷ் வழிப் பள்ளி 1947இல் லனெல்லியில் தொடங்கியது. பீஸ்லி தம்பதியரின் வரி மறுப்புக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, அதே வட்டாரத்தில், வகுப்பறை வெல்ஷுக்கு இடம் கொடுத்துவிட்டிருந்தது.