ஐக்கிய ஜனநாயக முன்னணி: தென்னாப்பிரிக்கச் சங்கங்களின் கூட்டணி, 1983–1991

ஐக்கிய ஜனநாயக முன்னணி 1983 ஆகஸ்ட் 20 அன்று கேப்டவுனை அடுத்த மிட்செல்ஸ் பிளெய்னில் தொடங்கப்பட்டது. அது கட்சி அல்ல. தனி ஆள் யாரும் அதில் நேரடியாக உறுப்பினராக முடியாது. சங்கங்கள்தான் சேர முடியும். குடியிருப்போர் சங்கம், மாணவர் சங்கம், மாதர் சங்கம், தொழிற்சங்கம், திருச்சபைக் குழு, விளையாட்டுக் கழகம் என ஏறத்தாழ 400 அமைப்புகளோடு தொடங்கி, சில ஆண்டுகளில் 600-ஐத் தாண்டியது. சேர்ந்த சங்கம் தன் பெயரையோ கொடியையோ கொள்கையையோ விட வேண்டியதில்லை. நிறவெறி ஆட்சியையும் அது கொண்டுவந்த புதிய அரசியல் சட்டத்தையும் எதிர்ப்பது ஒன்றே நிபந்தனை. எட்டு ஆண்டு வாழ்வில் அதன் பலமும் பலவீனமும் இந்தத் தளர்வான அமைப்பிலிருந்தே வந்தன.

அந்த அரசியல் சட்டம் பி. டபிள்யூ. போத்தா அரசின் தயாரிப்பு. வெள்ளையருக்கு 178 இருக்கைகள், கலப்பினத்தவருக்கு 85, இந்திய வம்சாவளியினருக்கு 45 என மூன்று அவைகள் கொண்ட நாடாளுமன்றம் அதன் மையம். மக்கள்தொகையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேலிருந்த கறுப்பினத்தவருக்கு அதில் ஓர் இருக்கைகூட இல்லை. அவர்களுக்கு, அவர்கள் வாழ்ந்த டவுன்ஷிப்புகளில் மட்டும் உள்ளாட்சி மன்றங்கள் தரப்பட்டன. அந்த மன்றங்களுக்கு வேறு வருமானம் அநேகமாக இல்லை. குடியிருப்பவர்களின் வாடகையை ஏற்றினால்தான் நிர்வாகம் நடக்கும். சீர்திருத்தம் என்ற பெயரில் சிறுபான்மையினரை ஆட்சியின் பக்கம் இழுத்து, பெரும்பான்மையினரை நிரந்தரமாக வெளியே நிறுத்துவதே இதன் நோக்கம்.

எதிர்ப்பின் முதல் அடி இந்திய வம்சாவளியினரிடமிருந்து வந்தது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழும் தெலுங்கும் பேசியோரே அதிகம். அவர்களின் பேரப்பிள்ளைகளை இனவாரிக் குடியிருப்புச் சட்டம் கேட்டோ மேனர் போன்ற பழைய குடியிருப்புகளிலிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் அனுப்பியது. அங்கே வாடகை உயர்வை எதிர்த்துக் குடியிருப்போர் சங்கங்கள் முளைத்தன. காந்தி 1894-இல் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரஸ், 1971-இல் மீண்டும் உயிர்பெற்று, இந்தச் சங்கங்களோடு கைகோத்தது. அரசு அமைத்த தென்னாப்பிரிக்க இந்தியப் பேரவைக்கு 1981 நவம்பரில் தேர்தல் வந்தபோது, வீடு வீடாகச் சென்று புறக்கணிக்கச் சொன்னார்கள். பத்தில் ஒருவர்தான் வாக்களித்தார். வாடகை பற்றிப் பேசப் போனவர்களை மக்கள் வாக்குரிமை பற்றியும் பேச விட்டார்கள் என்பது அந்தத் தேர்தலில் தெரிந்தது. பின்னால் முன்னணி நாடு முழுக்கக் கையாண்ட வழி இதுவேதான்.

பேரவை எதிர்ப்புக் குழுவினர் 1983 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய மாநாட்டில்தான் ஆலன் பூசாக் என்ற போதகர், திருச்சபைகளும் சங்கங்களும் சேர்ந்த ஒரே முன்னணி வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். ஏழே மாதத்தில் மிட்செல்ஸ் பிளெய்ன் கூட்டம் நடந்தது. இடத் தேர்விலும் பொருள் இருந்தது. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் முதலிய நகரப் பகுதிகளிலிருந்து விரட்டப்பட்ட கலப்பினத்தவருக்காக 1970-களில் மணல்வெளியில் எழுப்பப்பட்ட ஊர் அது. சமூகக்கூடம் கொள்ளாமல் பந்தல் போட்டும் ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். எங்களுக்கு எல்லா உரிமைகளும் வேண்டும், இங்கேயே வேண்டும், இப்போதே வேண்டும் என்று பூசாக் அங்கே பேசினார்.

தலைமைக்கு மூவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்: கேப் பகுதியின் முதிய தொழிற்சங்கவாதி ஆஸ்கர் ம்பெத்தா, டர்பன் வழக்கறிஞர் ஆர்ச்சி குமேடே, தேர்ந்தெடுக்கப்பட்டபோது சிறையில் இருந்த செவிலியர் ஆல்பர்ட்டினா சிசுலு. போப்போ மொலெஃபே செயலாளர். மோசியுவா லெக்கோட்டா விளம்பரச் செயலாளர். சிறையில் அடைபட்டிருந்த நெல்சன் மண்டேலாவின் தோழர்கள் பலர் புரவலர்களாக அறிவிக்கப்பட்டார்கள். தடைசெய்யப்பட்டிருந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் நிழல் இதில் தெளிவாகவே விழுந்திருந்தது. ஆனாலும் 1955-இன் சுதந்திர சாசனத்தை முன்னணி தொடக்கத்தில் முறைப்படி ஏற்கவில்லை. ஏற்காத சங்கங்களும் உள்ளே வர வேண்டும் என்ற கணக்கு அது. சாசனம் ஏற்கப்பட்டது 1987-இல்தான். அப்படியும் எல்லோரும் வந்துவிடவில்லை. வெள்ளையர் அமைப்புகளுக்கும் இடம் தந்ததைக் கறுப்பின உணர்வு இயக்கத்தார் ஏற்காமல் தேசிய அரங்கம் என்று தனியே கூடினார்கள். பெரிய தொழிற்சங்கங்கள் சில, தொழிலாளர் குரல் அமுங்கிவிடும் என்று அஞ்சி விலகி நின்றன.

முதல் பெரிய வேலையில் முன்னணி தோற்றது. 1984 தொடக்கத்தில் பத்து லட்சம் கையெழுத்து இயக்கம் என்று அறிவித்தார்கள்; வந்தது பாதிகூட இல்லை. ஆனால் தேர்தல் புறக்கணிப்பு பலித்தது. ஆகஸ்டில் நடந்த மூவவைத் தேர்தலில், பதிவுசெய்த கலப்பின வாக்காளர்களில் ஏறத்தாழ 30 சதவீதமும் இந்தியர்களில் ஏறத்தாழ 20 சதவீதமும்தான் வாக்களித்தனர். கையெழுத்துக்காகக் கதவு தட்டியவர்கள்தான் இங்கும் உழைத்தார்கள்.

தேர்தலை ஒட்டி முன்னணியினர் பலரை அரசு விசாரணையின்றிப் பிடித்தது. நீதிமன்றம் விடுவித்தும் அமைச்சர் புதிய ஆணை பிறப்பித்தார். அப்போது குமேடே, மேவா ராம்கோபின், எம். ஜே. நாயுடு, பில்லி நாயர், ஜார்ஜ் சீவ்பர்சாத், பால் டேவிட் ஆகிய ஆறு பேர் 1984 செப்டம்பர் 13 அன்று டர்பனில் இருந்த பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் புகுந்து, வெளியேற மறுத்தார்கள். விசாரணையில்லாச் சிறை என்பது உலகச் செய்தியானது. பிரிட்டனுக்கு அவர்களை விரட்டவும் மனமில்லை, காக்கவும் மனமில்லை. எரிச்சலடைந்த போத்தா அரசு, ஆயுதக் கடத்தல் வழக்கில் பிரிட்டனில் ஆஜராக வேண்டிய நான்கு தென்னாப்பிரிக்கர்களை அனுப்ப மறுத்தது. மூன்று பேர் அக்டோபரில் வெளியே வந்து கைதானார்கள். மற்ற மூவர் டிசம்பர் 12 வரை, தொண்ணூறு நாள், உள்ளேயே இருந்தார்கள்.

இதற்கிடையே செப்டம்பர் 3 அன்று, புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாளில், வால் ஆற்றுப் பகுதி டவுன்ஷிப்புகளில் வாடகை உயர்வை எதிர்த்துக் கிளர்ச்சி வெடித்தது. அது நாடு முழுதும் பரவியது. பரவிய விதத்தைப் பார்க்க கிராடாக் என்ற சிற்றூர் போதும். அங்கே கணித, அறிவியல் ஆசிரியர் மேத்யூ கோனிவே வாடகைப் பிரச்சினைக்காகக் குடியிருப்போர் சங்கம் அமைத்தார். கல்வித்துறை அவரை வேறூருக்கு மாற்றியது. அவர் போக மறுக்க, மாணவர்கள் ஓராண்டுக்கு மேல் வகுப்பைப் புறக்கணித்தார்கள். அவர் தெருவுக்குத் தெரு குழு அமைத்தார். குழாய்த் தண்ணீர், முதியோர் ஓய்வூதியம், அண்டை வீட்டுத் தகராறு எல்லாம் அங்கே தீர்க்கப்பட்டன. உள்ளாட்சி மன்றத்தார் தாமே பதவி விலகினார்கள். இந்த முறையைப் பிற ஊர்களுக்குக் கொண்டுபோக முன்னணி அவரை அமைப்பாளராக நியமித்தது. 1985 ஜூன் 27 இரவு போர்ட் எலிசபெத்தில் கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் அவரும் ஃபோர்ட் கலாட்டா, ஸ்பாரோ ம்கோன்டோ, சிசெலோ ம்லாவுலி ஆகியோரும் பாதுகாப்புப் போலீசாரால் கொல்லப்பட்டார்கள். ஜூலை 20 அன்று அவர்களின் இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் திரண்ட அதே நாளில் போத்தா அவசரநிலையை அறிவித்தார். அடுத்த ஆண்டு ஜூன் 12 அன்று நாடு முழுமைக்குமான அவசரநிலை வந்தது.

போர்ட் எலிசபெத்தில் அந்த ஜூலையில் தொடங்கிய கடைப் புறக்கணிப்பு இன்னொரு ஆயுதம். கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளில் வாங்குவதை நிறுத்தினார்கள். வியாபாரம் படுத்துப்போன கடைக்காரர்கள், படையை டவுன்ஷிப்பிலிருந்து விலக்கும்படியும் தலைவர்களை விடுவிக்கும்படியும் தங்கள் அரசிடமே கேட்கும் நிலை வந்தது. வாக்கு இல்லாதவர்களிடம் வாங்கும் சக்தி இருந்தது.

வளர்ச்சியோடு கறையும் சேர்ந்தது. காட்டிக்கொடுத்தவர் என்று சந்தேகிக்கப்பட்டவர்களின் கழுத்தில் பெட்ரோல் ஊற்றிய டயரை மாட்டிக் கொளுத்திய கொடூரம் முன்னணியின் பெயரால் நடந்தது. தலைவர்கள் கண்டித்தார்கள், ஆனால் மேல்மட்டத் தலைவர்கள் பலர் சிறையில் இருக்க, தெருவில் இருந்த இளைஞர்களைக் கட்டுப்படுத்த அந்தத் தளர்வான அமைப்பால் முடியவில்லை. நேட்டாலில் இன்காத்தா என்ற ஜூலு இயக்கத்தோடு மூண்ட மோதலில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். இன்காத்தாவுக்கு அரசு மறைமுகமாக உதவியது உண்மை. முன்னணி ஆதரவாளர் கையிலும் ரத்தம் இருந்தது உண்மை. மனித உரிமை பேசிய ஓர் அமைப்பின் வரலாற்றில் இதை மறைக்கக் கூடாது. மறைக்காமல் பேசிய ஒரு தருணமும் உண்டு. வின்னி மண்டேலாவின் மெய்க்காவலர் குழு 14 வயதுச் சிறுவனைக் கடத்திச் சென்று அவன் கொல்லப்பட்டதை அடுத்து, 1989 பிப்ரவரி 16 அன்று முன்னணியினரும் தொழிற்சங்கத் தலைவர்களும் செய்தியாளர்களைக் கூட்டி, அவரிடமிருந்து விலகி நிற்பதாக அறிவித்தார்கள். மண்டேலாவின் மனைவியைப் பற்றி அப்படிச் சொல்ல அன்று துணிவு வேண்டும்.

அரசு நீதிமன்றத்தையும் ஆயுதமாக்கியது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தேசத்துரோக வழக்கில் 16 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அரசுத் தரப்பு நிபுணர் சாட்சி குறுக்கு விசாரணையில் நிலைகுலைந்ததும், 1985 டிசம்பரில் 12 பேர் மீதும், மறு ஆண்டு எஞ்சிய நால்வர் மீதும் வழக்கு கைவிடப்பட்டது. அந்த வழக்கின் வழக்கறிஞர்களில் ஒருவரான விக்டோரியா ம்செங்கே 1985 ஆகஸ்ட் 1 அன்று தம் வீட்டு வாசலில் கொல்லப்பட்டிருந்தார்.

டெல்மாஸ் என்ற சிற்றூரில் தொடங்கிய வழக்கு அதைவிடப் பெரிது. மொலெஃபே, லெக்கோட்டா உள்பட 22 பேர். விசாரணை 1988 வரை நீண்டது. நீதிபதியோடு இரண்டு மதிப்பீட்டாளர்கள் அமர்ந்து உண்மைகளைத் தீர்மானிப்பது அங்கே வழக்கம். அவர்களில் ஒருவரான சட்டப் பேராசிரியர் வில்லெம் ஜூபேர், 1984-இன் கையெழுத்து இயக்கத்தில் தாம் கையெழுத்திட்டதை விசாரணைக்கு நடுவே தெரிவித்தார். நீதிபதி வான் டெய்க்ஹார்ஸ்ட் அவரை நீக்கிவிட்டு, மீதமிருந்த ஒருவரோடு வழக்கை நடத்தினார். நவம்பரில் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது; பின்னர் மொலெஃபேவுக்கு 10 ஆண்டு, லெக்கோட்டாவுக்கு 12 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989 டிசம்பரில், அந்த நீக்கமே முறைகேடு என்று கூறித் தண்டனைகளை ரத்து செய்தது. இலக்கில் பாதியைக்கூட எட்டாத இயக்கத்தின் ஒரே ஒரு கையெழுத்து தலைவர்களைச் சிறையிலிருந்து மீட்டது.

அதற்குள் முன்னணி முடக்கப்பட்டிருந்தது. சுவீடன் முதலிய நாடுகளிலிருந்தும் திருச்சபைகளிலிருந்தும் வந்த பணமே அதன் வருவாயில் பெரும்பகுதி. 1986 அக்டோபரில் அந்த வழி அடைக்கப்பட்டது. 1988 பிப்ரவரி 24 அன்று அதுவும் வேறு 16 அமைப்புகளும் எந்த நடவடிக்கையிலும் ஈடுபடக் கூடாது என்று ஆணை வந்தது. பெயரைத் தடுக்கலாம், சங்கங்களை என்ன செய்வது? கோசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்போடு சேர்ந்து, வெகுஜன ஜனநாயக இயக்கம் என்ற பெயரில் அதே ஆட்கள் வந்தார்கள். அதற்கு அலுவலகமும் இல்லை, உறுப்பினர் பட்டியலும் இல்லை. எனவே தடைசெய்யவும் எதுவும் இல்லை. 1989 தொடக்கத்தில் விசாரணைக் கைதிகள் உண்ணாவிரதம் இருந்து நூற்றுக்கணக்கில் விடுதலை பெற்றார்கள். ஆகஸ்டில் கறுப்பின நோயாளிகள் வெள்ளையர் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். வெள்ளையருக்கென ஒதுக்கிய கடற்கரைகளில் எல்லோரும் இறங்கினார்கள். செப்டம்பர் 13 அன்று கேப்டவுனில் பேராயர் டூட்டு தலைமையில் ஏறத்தாழ 30,000 பேர் ஊர்வலம் போனபோது போலீசார் தடுக்கவில்லை.

1990 பிப்ரவரி 2 அன்று குடியரசுத் தலைவர் எஃப். டபிள்யூ. டி கிளார்க் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் மீதான தடையோடு முன்னணி மீதான தடையையும் நீக்கினார். அதன் பிறகு இது எதற்கு என்ற கேள்வி எழுந்தது. சங்கங்களை ஒருங்கிணைக்கும் பொது அமைப்பாக, ஆளப்போகும் கட்சிக்கு வெளியே இது நீடிக்க வேண்டும் என்று ஒரு சாரார் வாதிட்டனர். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் செயல்வீரர்கள் ஏற்கெனவே காங்கிரஸ் கிளைகளைக் கட்டப் போய்விட்டிருந்தார்கள். 1991 மார்ச்சில் முடிவெடுத்து, தொடங்கிய எட்டாம் ஆண்டு நிறைவான ஆகஸ்ட் 20 அன்று முன்னணி கலைக்கப்பட்டது. குடியிருப்போர் சங்கங்கள் 1992-இல் சான்கோ என்ற தேசிய அமைப்பாகத் திரண்டன. பழைய செயல்வீரர்கள் பலர் போய்விட்டதால் அதற்குப் பழைய பலம் வரவில்லை. 1994 தேர்தலுக்குப் பின் மொலெஃபே வடமேற்கு மாகாணத்துக்கும் லெக்கோட்டா ஃப்ரீ ஸ்டேட்டுக்கும் முதல்வர்களானார்கள். முன்னணியின் மேற்கு கேப் செயலாளராக இருந்த ட்ரெவர் மானுவேல் 1996 முதல் 2009 வரை நிதியமைச்சராக இருந்தார்.